1098-ஐ அழைத்தால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள்

அறுவை அரங்குக்குக் கொண்டுபோகும் நேரத்தில் அந்தத் தாய் கையெழுத்துப் போட மறுத்தார். குடல்வால் வெடித்துவிடும் என்று மருத்துவர் அவசரப்படுத்துகிறார். இவரோ வராந்தாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே பெஞ்சில் ஒன்பது வயது மகள், மடியில் இரண்டு வயதுத் தம்பி. பன்னை டீயில் நனைத்துத் தம்பிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். காலடியில் மஞ்சள் பை. அதற்குள் ரேஷன் அட்டை. கணவர் வெளியூரில் கட்டட வேலையில் இருக்கிறார். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஊரில் யாரும் இல்லை.

மருத்துவமனைச் சமூகப் பணியாளரான நான், "குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடலாமா அம்மா?" என்று கேட்டேன். அவர் முகம் வெளிறிவிட்டது. "வேண்டாம் மேடம். எழுதி வாங்கிக்கொண்டு ஹோமில் போட்டுவிடுவார்கள். திருப்பித் தர மாட்டார்கள்."

இந்த அச்சத்தை அடிக்கடி கேட்கிறேன். இதனாலேயே பலர் குழந்தையை அறிமுகமில்லாதவர் கையில் ஒப்படைக்கிறார்கள். அல்லது வீட்டில் பூட்டிவைத்துவிட்டு வருகிறார்கள். எனக்குப் பயம் தருவது அதுதான்.

1098 நாள் முழுவதும் இயங்கும் கட்டணமில்லாத எண். தகவல் போனதும் குழந்தை உதவி மையப் பணியாளர் வருவார். குழந்தையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுசெல்ல வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உண்டு. குழந்தை எங்கே தங்கும் என்று முடிவெடுப்பது குழுதான். அழைத்துப் போகிறவர் இல்லை. பாட்டியோ சித்தியோ பொறுப்பேற்க முன்வந்தால், விசாரித்து அவர்களிடமே ஒப்படைக்கலாம். குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. சில நாள் பாதுகாப்புக்காக விடுவது வேறு, பெற்றோர் உரிமையையே விட்டுக்கொடுத்துப் பிள்ளையைச் சட்டப்படி ஒப்புவிப்பது வேறு. ஒப்புவிப்புக்கே கூட மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. குழுவின் உத்தரவு நகலைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். அண்ணன் தங்கையைப் பிரிக்க வேண்டாம் என்று குழுவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒரு ராத்திரி பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வது நம் ஊர் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் வார்டு வாசலில் நின்று, "குழந்தை இல்லாத தம்பதி ஒருவர் இருக்கிறார், நன்றாக வளர்ப்பார்கள்" என்று பேச்சுக் கொடுப்பவரிடம் ஒரு நிமிடம் கூட நிற்காதீர்கள். குழந்தைக்குக் காசு கைமாறினால் அது குற்றம்.

அன்று அந்தத் தாயிடம் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். கையெழுத்துப் போட்டார். மகளிடம் "அம்மா கடைக்குப் போயிருக்கிறார்" என்று ஒரு செவிலியர் சொல்ல வாயெடுத்தார், தடுத்துவிட்டேன். அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன், சில நாள் நீங்கள் வேறு இடத்தில் தூங்குவீர்கள், அம்மா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும் என்று உண்மையையே சொன்னேன். அவள் யோசித்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "தம்பி அம்மா சேலை இல்லாமல் தூங்க மாட்டானே?" தாயின் பையிலிருந்த பழைய சேலையை எடுத்து மடித்துக் கொடுத்தோம்.

நெருக்கடி அந்தச் சில நாளோடு முடிந்துவிடாது. வேலைக்குப் போக முடியாத தாயின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். விதவையான, கைவிடப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கும், பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயில் இருக்கும் பிள்ளைகளுக்கும் மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுங்கள். வீட்டில் அடித்துத் துரத்தப்பட்ட பெண்கள், மகளிர் உதவி எண் 181-ஐ அழைக்கலாம்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளைக்கு உங்கள் எண்ணோடு இன்னொரு பெரியவரின் எண்ணையும் மனப்பாடமாக்குங்கள். அந்தத் தாயின் போனில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. அப்பாவின் எண்ணை ஒன்பது வயது மகள்தான் தடுமாறாமல் ஒப்பித்தாள். மாலையில் அவர் போனை எடுத்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.