கரெக்டா 10 எம்எம் தப்பு வந்தா ஸ்விட்ச்சை மாத்தாதீங்க

எங்க சிஎன்சி மிஷின்ல (கம்ப்யூட்டர் கன்ட்ரோல்ல ஓடற மிஷின்) காலைல முதல் ஜாப்ல போட்ட ஓட்டை எல்லாமே எக்ஸ் பக்கம் தள்ளிப் போயிருந்துச்சு, வெர்னியர் வச்சு பாத்தா சொல்லி வச்ச மாதிரி 10 எம்எம். ஆஃப்செட்டை, அதாவது ஜாப் எங்க இருக்குன்னு மிஷினுக்குக் குடுக்கற அளவை, தப்பா போட்டுட்டான்னு ஆபரேட்டர் பையனுக்குத்தான் திட்டு விழுந்துச்சு. மிஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி மறுபடி ஹோம் எடுத்தா, அதாவது டேபிளை அளவு தொடங்கற இடத்துக்குக் கொண்டு போனா, தானா சரியாயிடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு திரும்பவும் அதே 10 எம்எம், உடனே ஹோம் எடுக்கறப்ப டேபிள் வந்து அமுக்கற லிமிட் ஸ்விட்ச் போச்சுன்னு புதுசு வாங்கி மாட்டினோம், அப்பவும் தப்பு போகல.

ஹோம் பொசிஷனை ஸ்விட்ச்தான் முடிவு பண்ணுதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, டேபிள் நிமிஷத்துக்கு 6000 எம்எம் ஸ்பீடுல வருதுன்னா ஒரு மில்லி செகண்டுக்கு 0.1 எம்எம் ஓடிடும். ஸ்விட்ச் உள்ள இருக்கற ஸ்பிரிங், கூலன்ட் பிசுக்கு, சிக்னல் போய்ச்சேர ஆகற லேட்டு எல்லாம் சேந்தா மைக்ரான் (எம்எம்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கணக்கு எங்க நிக்கும்?

அதனால வேலையை ரெண்டா பிரிச்சு வச்சிருக்காங்க. ஹோம் எடுக்கறப்ப டேபிள் வேகமா வரும், அதுல இருக்கற டாக்ங்கற சின்னக் கட்டை ஸ்விட்ச்சை அமுக்கினதும் ஸ்பீடு குறைஞ்சு மெதுவா நகரும், டாக் தாண்டி ஸ்விட்ச் ரிலீஸ் ஆனப்புறம் கன்ட்ரோலர் ஸ்விட்ச்சை மறந்துட்டு மோட்டார் சுத்தை எண்ணற என்கோடரைப் பாக்க ஆரம்பிக்கும். மோட்டார் ஒரு சுத்து சுத்தினா என்கோடர்ல இருந்து ஒரே ஒரு மார்க்கர் பல்ஸ் வரும், ரிலீஸுக்கு அப்புறம் வர்ற முதல் மார்க்கர்தான் ஹோம். மோட்டார் நேரா டேபிளைத் தள்ளற பால் ஸ்க்ரூவுல கோத்திருந்து ஸ்க்ரூ பிட்ச், அதாவது ஒரு சுத்துக்கு டேபிள் நகரற தூரம், 10 எம்எம்னா, பத்து எம்எம்முக்கு ஒரு மார்க்கர் இருக்கும். இதுல எந்த மார்க்கர்னு கைகாட்டறது மட்டும்தான் ஸ்விட்ச்சோட வேலை, அரை எம்எம் முன்னப்பின்ன ரிலீஸ் ஆனாலும் பரவாயில்ல, மார்க்கர் நகராது.

எங்க மிஷின்ல டாக் ரிலீஸ் ஆகற இடமும் மார்க்கரும் கிட்டத்தட்ட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. டாக் போல்ட் கொஞ்சம் லூஸ் வேற. ஒரு நாள் மார்க்கருக்கு முடியளவு முன்னாடி ரிலீஸ் ஆகும், சரியான ஹோம் கிடைக்கும், இன்னொரு நாள் முடியளவு பின்னாடி ரிலீஸ் ஆகும், அந்த மார்க்கர் கைவிட்டுப்போய் அடுத்த மார்க்கர்ல போய் நிக்கும், அதான் முழுசா ஒரு பிட்ச் தப்பு. ஃபனுக் கம்பெனி கன்ட்ரோல்ல டயக்னாஸிஸ் 302ன்னு ஒரு ரீடிங் இருக்கு, டாக் ரிலீஸ்ல இருந்து மார்க்கர் வரைக்கும் எவ்வளவு தூரம்னு காட்டும். எங்களுக்கு ஒரு தடவை 0.2, அடுத்த தடவை 9.8. பிட்ச்ல பாதி, அதாவது 5 பக்கத்துல இருக்கணும். டாக்கை அஞ்சு எம்எம் போல முன்னாடியே ரிலீஸ் ஆகற மாதிரி நகத்தி டைட் பண்ணோம், முடிஞ்சுது. தப்பான பக்கம் நகத்தினா ஹோமே அடுத்த மார்க்கருக்குப் போயிடும், ஜாக்கிரதை. மேல கீழ போற இசட் ஆக்ஸிஸ்ல அப்படி ஆச்சுன்னா டூல் சேஞ்சர் ஆர்ம், டூலைப் பிடிச்சுச் சுத்தற ஸ்பிண்டில்ல போய் இடிக்கலாம்.

தப்பு முழு பிட்ச்சா இல்லாம 20, 30 மைக்ரானா வந்தா கதையே வேற, அதுக்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம். ஸ்டீல் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரிக்கு 12 மைக்ரான் கிட்ட நீளும், அரை மீட்டர் ஸ்க்ரூ அஞ்சு டிகிரி சூடானா 30 மைக்ரான் ஆச்சு. மோட்டார் பின்னாடி இருக்கற என்கோடருக்கு இது தெரியவே தெரியாது, அது சுத்தைத்தான் எண்ணுது, டேபிள் எங்க இருக்குன்னு அதுக்கு என்ன தெரியும். டேபிள் இருக்கற இடத்தை நேரடியா அளக்கற லீனியர் ஸ்கேல் போட்ட மிஷின்ல இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. மத்ததுல காலைல கொஞ்ச நேரம் ஓடவிட்டு வார்ம்அப் பண்ணிட்டு ஜீரோ எடுக்கறது நல்லது. மோட்டாரையும் ஸ்க்ரூவையும் சேக்கற கப்ளிங் ஸ்லிப் ஆனாலும் ஹோம் நகரும், ஆனா அது ஒரே பக்கமா போய்க்கிட்டே இருக்கும், சூடு மாதிரி சாயங்காலம் போய் காலைல திரும்பி வராது.

வீட்ல சின்ன ரவுட்டர் (மரம் செதுக்கற மிஷின்) செஞ்சு ஜிஆர்பிஎல்ங்கற கன்ட்ரோல் சாஃப்ட்வேர் போட்டு ஓட்டறவங்களுக்கு மார்க்கர் எல்லாம் கிடையாது, ஸ்விட்ச்சே கதி. அதனாலதான் அதுல முதல்ல வேகமா தேடி, ஸ்விட்ச் பட்டதும் கொஞ்சம் பின்வாங்கி, திரும்ப மெதுவா போய்த் தொடும். ரெண்டாவது தடவை நிமிஷத்துக்கு 25 எம்எம் ஸ்பீடுன்னா ஒரு மில்லி செகண்ட் லேட்டானாலும் அரை மைக்ரான் கூட நகராது. வயரிங்ல நார்மலி குளோஸ்டு (ஸ்விட்ச் அமுக்காதப்ப கரண்ட் ஓடிட்டே இருக்கற மாதிரி) போடுங்க, வயர் அறுந்தா அப்பவே தெரிஞ்சிடும்.

ஆஃப் பண்ணாலும் இடத்தை மறக்காத அப்சல்யூட் என்கோடர் இருந்தா தினமும் ஹோம் எடுக்க வேண்டியதில்ல, பெரும்பாலும் பேட்டரிதான் ஞாபகத்தைக் காப்பாத்துது. அந்த பேட்டரியை மிஷின் ஆன்ல இருக்கறப்பவே மாத்துங்க, ஆஃப் பண்ணிட்டுக் கழட்டினா ஹோம் மறந்து, ஃபனுக்ல 300 அலாரம் வந்து நிக்கும், அப்புறம் டயலை வச்சு உக்காந்து ஜீரோ செட் பண்ணணும்.

உங்க மிஷின் எப்படின்னு பாக்க, மைக்ரான் டயலை டேபிள்ல முட்டுற மாதிரி வச்சு, வேற வேற இடத்துல இருந்து பத்து தடவை ஹோம் எடுத்து ரீடிங் எழுதுங்க. ஹோம் மிஷின்ல எந்த இடத்துல இருக்குன்னு யாருக்கும் கவலை இல்ல, பத்து தடவையும் ஒரே இடத்துல நிக்குதாங்கறதுதான் விஷயம். எங்க மிஷின் பேனல் கதவு உள்பக்கம் மூணு ஆக்ஸிஸோட 302 ரீடிங்கையும் மார்க்கர் பேனாவுல எழுதி வச்சிருக்கோம், மாசத்துக்கு ஒரு தடவை அந்தப் பையன்தான் ஒப்பிட்டுப் பாக்கறான்.