மூன்று மில்லிமீற்றர் இறப்பர்: மலைநாட்டில் கெம்பர் வேனின் சீலன்ட்

வேனின் உட்கூரையில் ஈரக் கறை தெரிந்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். ஹாட்வெயார் கடையில் ஒரு டியூப் சிலிக்கன் வாங்கி, கூரை ஜன்னலைச் சுற்றிப் பழைய சீலன்ட்டின் (இடுக்கை அடைக்கும் பசையின்) மேலேயே தடவிவிடுவார்கள். சில வாரங்களுக்கு ஒழுக்கு நின்றதுபோல் இருக்கும். பிறகு அதே கறை இன்னும் அகலமாகத் திரும்பி வரும். புதிதாகத் தடவியது பிடித்திருப்பது பழைய சீலன்ட்டை. பழையதோ தகரத்தை விட்டு எப்போதோ கழன்றுவிட்டது. தண்ணீர் நுழைவது அந்தக் கழன்ற இடைவெளியால். அதை மேலிருந்து அடைக்க முடியாது.

நுவரெலியா, அட்டன், எல்ல பக்கம் ஓடும் கெம்பர் வேன்களில் பல, ஹைஏஸ் அல்லது கரவன் வேனை மாற்றியமைத்து உருவானவை. தொழிற்சாலையிலிருந்து வந்த இரும்புக் கூரை லேசில் ஒழுகாது. ஒழுக்குப் பெரும்பாலும் நாம் வெட்டிய இடங்களில்தான் தொடங்குகிறது: கூரை ஜன்னல், காற்றாடி, சோலார் வயர் இறங்கும் துளை, பக்க ஜன்னல், கூரை ரெக்கின் ஸ்குரூக்கள். அங்கெல்லாம் தன்மை வேறான இரண்டு பொருட்கள் சந்திக்கின்றன. அவை வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு பாகை வெப்பநிலை கூடும்போது இரும்பு, மீற்றருக்கு 0.012 மி.மீ. நீளும். கூரை ஜன்னலின் சட்டம் ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் அது சுமார் 0.08 மி.மீ. நீளும். தை மாதத்துத் தெளிந்த இரவில் கூரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். மறுநாள் நண்பகல் வெயிலில் அதே தகரம் கைவைக்க முடியாதபடி கொதிக்கும். இடைப்பட்ட வித்தியாசம் 45 பாகை என்று வைத்துக்கொள்வோம். 400 மி.மீ. நீளமுள்ள சட்டம் 1.44 மி.மீ. நீளும், அதற்குக் கீழுள்ள இரும்பு 0.22 மி.மீ. மட்டுமே நீளும். மீதி 1.2 மி.மீ. இரண்டு முனைகளிலும் பாதிபாதியாகப் பிரியும். ஆகவே ஒவ்வொரு ஓரத்திலும் சட்டம் தகரத்தின் மேல் 0.6 மி.மீ. நகர்கிறது, ஒவ்வொரு நாளும்.

அந்த நகர்வைத் தாங்குவது நடுவிலிருக்கும் சீலன்ட். அது 3 மி.மீ. தடிப்பாக இருந்தால், 0.6 மி.மீ. நகர்வு அதன் தடிப்பில் 20 சதவீதம்தான். நல்ல சீலன்ட் தன் அளவில் 25 சதவீதம் வரையான அசைவைத் திரும்பத் திரும்பத் தாங்கும்படி தயாரிக்கப்படுகிறது. ஆனால் “இறுக்கினால்தான் ஒழுகாது” என்று நினைத்து ஸ்குரூவை முழுப் பலத்தோடு முறுக்கினால், சீலன்ட் முழுவதும் பக்கவாட்டில் பிதுங்கி வெளியேறி 0.3 மி.மீ. படலம்தான் மிஞ்சும். அதே 0.6 மி.மீ. இப்போது 200 சதவீதம். ஓரத்திலிருந்து ஒட்டு கிழியத் தொடங்கிவிடும். கழற்றிப் பார்க்கும் பழைய ஜன்னல்களில் ஸ்குரூவைச் சுற்றிச் சீலன்ட் காகிதம்போல் மெலிந்து, அதன் கீழே துரு பிடித்திருப்பதற்குக் காரணம் இதுதான். தடிப்பு குறைந்ததால்தான் அது கழன்றது.

கழன்றபின் உள்ள இடைவெளி மயிரிழை அளவுதான் என்றாலும் ஆபத்து குறையாது. மயிர்த்துளைத்தன்மையால் ஒடுங்கிய இடுக்கு தண்ணீரைத் தானாகவே உள்ளிழுத்துப் பிடித்துவைக்கும். மழை விட்டும் தூவானம் விடாத ஊரில் அந்த இடுக்கு காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. ஓடும்போது காற்றும் சேர்ந்து தள்ளும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் முன்னிருந்து வரும் காற்றின் அழுத்தம் சுமார் 17 மி.மீ. உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். நிறுத்திவைத்தால் ஒழுகாத வேன், மழையில் ஓட்டினால் மட்டும் ஒழுகுவது இதனால்தான். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு சக்கரம் மேலேறும்போது உடல் முறுகுவதும் அந்த இடுக்கைத் திறந்து மூடுகிறது.

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே துளை இருக்கும் என்று நம்ப வேண்டாம். நுழைந்த தண்ணீர் கூரையின் வளைசட்டங்கள் வழியாக ஓடி, வேன் எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறதோ அந்தப் பக்கம் போய்ச் சொட்டும். சரிவில் முகப்பு மேலாக நிறுத்திய வேனில் முன்பக்கக் கூரை ஜன்னலின் ஒழுக்கு பின்கதவருகே தெரியலாம். கண்டுபிடிக்க, சமதளத்தில் நிறுத்தி, உட்பலகையைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரை அழுத்தமில்லாமல் கீழிருந்து மேலாக ஊற்ற வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் பத்து நிமிடம் கொடுத்து, உள்ளே ஒருவர் டோர்ச்சோடு பார்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்து எதுவும் புலப்படாது.

ஈரமானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பலகையில் 15 சதவீதத்துக்கு மேல் காட்டினால் சந்தேகிக்கவும் என்று வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும். காற்றின் சாரீரப்பதன் 85 சதவீதமாக நீடிக்கும் இடத்தில், ஒழுக்கே இல்லாத மரமும் 18 சதவீதம் வரை ஈரம் ஏற்றுக்கொள்ளும். ஆகவே இலக்கத்தை மட்டும் பார்க்காமல், அதே வேனில் நிச்சயமாக நனையாத ஓர் இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எதை எங்கே பூசுவது

சட்டத்தின் விளிம்புக்கு அடியில் போடுவதற்கு பியூட்டைல் டேப் நல்லது. 3 மி.மீ. தடிப்பு, 20 முதல் 25 மி.மீ. அகலம். அது ஒருபோதும் இறுகாது, எப்போதும் பிசினாகவே இருக்கும். பின்னாளில் கழற்றுவதும் எளிது. வெயில் நேரே படும் வெளியோரத்துக்கு மட்டும் அது ஏற்றதல்ல.

வெளியோரத்துக்குச் சிலேன் சேர்த்த பொலிமர் வகையைத் தேர்ந்தெடுங்கள். கடையில் எம்எஸ் பொலிமர், ஹைபிரிட் என்ற பெயர்களில் கிடைக்கும். கெம்பர் வேன் வேலைக்கென்றே தயாராகும் சிகாஃபிளெக்ஸ் 522 இந்த வகைதான். பொலியூரிதேன் சீலன்ட் மிகவும் வலிமையானது. ஆனால் புற ஊதாக் கதிரில் அதன் மேற்பரப்பு மாவாகி வெடிக்கும். உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், குளிராக இருந்தாலும், தெளிந்த நாளின் வெயில் கடலோரத்தைவிடச் சீலன்ட்டை வேகமாகத் தின்னும்.

சிலிக்கன் புற ஊதாவை மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. அப்படியிருந்தும் வேனின் வெளிப்புறத்தில் அதை வைக்கவே கூடாது. வினாகிரி வாடை வரும் சாதாரண சிலிக்கன் இறுகும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடும். அது நாகம் (சிங்க்) பூசிய தகரத்தையும் அலுமினியத்தையும் அரிக்கும். அதைவிடப் பெரிய கேடு பிறகு வரும். இறுகிய சிலிக்கன் மேல் பெயின்ட்டோ வேறு சீலன்ட்டோ ஒட்டாது, புதிய சிலிக்கன்கூட நன்றாக ஒட்டாது. உரித்த பின்னும் அதன் எண்ணெய்ப் படலம் தகரத்தில் தங்கி அடுத்த வேலையைக் கெடுக்கும். லயன் கூரைகளில் ஆணித் துளைக்குத் தார் வைப்பதைப் பார்த்து வேனுக்கும் தார் வைப்பவர்கள் உண்டு. வெயிலில் இளகி, குளிரில் வெடிக்கும் தார், பிளாஸ்டிக் சட்டத்தையும் கறையாக்கிவிடும்.

கழற்றுவதும் துடைப்பதும்

வேலையின் முக்கால் பங்கு இங்கேதான். புதிய டியூப் திறக்கும் நேரத்தைவிடப் பழையதை அகற்றும் நேரம் பல மடங்காக இருந்தால்தான் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

ஸ்குரூக்களைக் கழற்றி, ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் சட்டத்தைச் சிறிது சிறிதாகக் கிளப்புங்கள். இரும்புக் கத்தி பெயின்ட்டில் போடும் கீறல் ஒவ்வொன்றும் நாளைய துரு. பியூட்டைல் மிச்சத்தை அதே பியூட்டைல் உருண்டையால் ஒற்றி ஒற்றி எடுக்கலாம். மீதிக்கு வைட் ஸ்பிரிட். துரு தெரிந்தால் பளபளக்கும் உலோகம் வரை தேய்த்து, சிங்க் பொஸ்பேட் பிரைமரும் பெயின்ட்டும் பூசி, டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் முழுவதும் காயவிடுங்கள். துருவின் மேல் பூசிய சீலன்ட் துருவோடு சேர்ந்து உரியும்.

கடைசித் துடைப்பு ஐசோபுரோப்பைல் அற்ககோலால். ஒரு துணியால் நனைத்துத் துடைத்து, அது உலரும் முன் வேறொரு காய்ந்த துணியால் எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். கை கழுவும் சனிடைசர் இதற்கு உதவாது. அதிலுள்ள கிளிசரின் படலமாகத் தங்கும். அக்ரிலிக் ஜன்னலில் அற்ககோல் படவே கூடாது. நுண்ணிய வெடிப்புகள் விழும். அதற்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும்.

நாளும் நேரமும் பார்ப்பது அவசியம். அட்டன், மஸ்கெலியா, வட்டவளை போன்ற மேற்குச் சரிவுகளில் தென்மேல் பருவம் வைகாசியில் தொடங்கும் முன், பெப்ரவரி, மார்ச் காலம் உகந்தது. பண்டாரவளை, வெலிமடை, எல்ல பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வறண்டிருக்கும். காற்று அள்ளிவரும் தூசிக்கு மட்டும் மறைப்பு வேண்டும். காற்று 15 பாகையிலும் சாரீரப்பதன் 90 சதவீதத்திலும் இருந்தால் பனி படியும் வெப்பநிலை 13 பாகைக்குச் சற்று மேல். தகரம் அதைவிட 3 பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். காலைப் பனிமூட்டம் விலகி, தகரம் உலர்ந்து இளஞ்சூடான பிறகு தொடங்குங்கள். நண்பகலில் கொதிக்கும் தகரமும் வேண்டாம். ஈரமான பரப்பில் பொலியூரிதேன் நீரோடு வினைபுரிந்து காபனீரொட்சைட்டை வெளிவிட்டு, உள்ளே குமிழிகளோடு இறுகும்.

பூசும் முறை

400 மி.மீ. சதுரக் கூரை ஜன்னலுக்கு பியூட்டைல் டேப் இரண்டு மீற்றர் போதும். மூலைகளில் மடக்காமல் வெட்டி, 10 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வைத்து அழுத்துங்கள். சட்டத்தை வைத்து, ஸ்குரூக்களை எதிரெதிராக, மூன்று நான்கு சுற்றாகச் சிறிதுசிறிதாக இறுக்க வேண்டும். டேப் விளிம்பெங்கும் சமமாகப் பிதுங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். டேப்புக்குப் பதில் எம்எஸ் சீலன்ட்டில் பதிப்பதானால், ஸ்குரூத் துளைகளுக்கருகே 2 முதல் 3 மி.மீ. தடிப்புள்ள சிறு இறப்பர்த் துண்டுகளை வைத்தால் தடிப்பு காக்கப்படும்.

பிதுங்கியதை வெட்டி நீக்கி, மீண்டும் துடைத்து, இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, வெளியோரத்தில் 6 மி.மீ. முக்கோணக் கோடாகச் சீலன்ட் இடுங்கள். சீலன்ட் துப்பாக்கியின் முனையைத் தள்ளிக்கொண்டு போனால் இடுக்குக்குள் காற்று அடைபடாது. ஸ்குரூத் தலைகளையும் மூடுங்கள். சீலன்ட்டின் மேல் தோல் படியும் முன் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த கரண்டியால் ஒரே இழுப்பில் வழித்து, டேப்பை உடனே உரிக்க வேண்டும். பொலியூரிதேன் என்றால் அற்ககோல் தொட்டு வழிக்காதீர்கள். அது வினையைத் தடுத்து, சீலன்ட்டை என்றென்றும் பிசுபிசுப்பாக விட்டுவிடும். 310 மி.லீ. டியூபில் 6 மி.மீ. கோடு கணக்குப்படி 17 மீற்றர் போகும். வீண் போவதைக் கழித்து 14 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சீலன்ட்டுகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுபவை. 23 பாகையில் முதல் நாளில் சுமார் 3 மி.மீ. ஆழம் இறுகும். ஆழம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு, 6 மி.மீ. இறுக நான்கு நாள். தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே அடைபட்ட 25 மி.மீ. அகலப் படுகை, இரு ஓரத்திலிருந்தும் இறுகினாலும் இரண்டு வாரத்துக்கு மேல் எடுக்கும். மலைநாட்டின் ஈரம் இதை வேகப்படுத்தும், குளிர் தாமதப்படுத்தும். முதல் இரண்டு நாள் வேனை அசைக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு வளைவுப் பாதைகளையும் தவிர்க்கலாம்.

பிறகு ஆண்டுக்கு இரு முறை, சித்திரையிலும் ஐப்பசியிலும், கூரையேறி நகத்தால் அழுத்திப் பாருங்கள். மீண்டு எழும்பினால் நலம். நகத்தடம் நிலைத்தாலோ, ஓரம் கிளம்பினாலோ, விளிம்போரம் பாசிக் கோடு ஓடினாலோ அந்த இணைப்பைக் கழற்ற வேண்டும். பாசியை மென்மையான பிரஷாலும் சவர்க்காரத்தாலும் கழுவுங்கள். சேர்விஸ் நிலையத்தில் அழுத்தத் தண்ணீர் அடிக்கும்போது முனையைச் சீலன்ட்டிலிருந்து 30 செ.மீ.க்கு அப்பால் பிடிக்கச் சொல்லுங்கள்.