ஏற்புடைமை: வேலிடிட்டிக்குத் தமிழ்

போன் ரீசார்ஜ் செய்யும்போது "எத்தனை நாள் வேலிடிட்டி?" என்று கேட்கிறோம். அங்கே அதற்குக் காலக்கெடு என்று பொருள். உளவியலில் அதே சொல்லுக்கு வேறு வேலை: ஒரு வினாத்தாள், தான் அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறதா?

மூலம் லத்தீன். 'வாலேரே' என்றால் வலுவாக இருத்தல். அதிலிருந்து பிறந்த 'வாலிடுஸ்', வலுவானது. நம் 'வலிமை'யோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், உறவு கிடையாது. ஆனாலும் இலங்கைச் சட்டத் தமிழில் 'வலிதான' என்றே எழுதுகிறார்கள். ரூபாய் நோட்டுக்கும் டிக்கெட்டுக்கும் 'செல்லுபடி' போதும். பி.எட். பாடநூல்களில் இருப்பது 'ஏற்புடைமை'. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது, ஏற்புடையது என்றதும் "யாருக்கு?" என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது.

அந்தக் கேள்விதான் முக்கியம். பெர்ஃபெக்ஷனிசம், அதாவது எதிலும் ஒரு குறைகூட இருக்கக் கூடாது என்ற பிடிவாதம். அதை அளக்க அமெரிக்காவில் உளவியலாளர் ராண்டி ஃப்ராஸ்ட் குழுவினர் 1990-இல் வெளியிட்ட வினாத்தாளில் 35 கூற்றுகள், 6 பிரிவுகள். தவறு நேர்ந்துவிடுமோ என்ற கவலை ஒரு பிரிவு. பெற்றோரின் எதிர்பார்ப்பு இன்னொன்று.

இதை அப்படியே பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோனால்? அங்கே 'உத்தாங் நா லோஓப்' என்பார்கள். உத்தாங் கடன், லோஓப் உள்ளம். நம் நன்றிக்கடனுக்கு மிக நெருக்கம், பெற்றோருக்குப் பட்டது அதில் பெரிய கடன். தம்பி தங்கைகளைப் படிக்கவைக்கும் மணிலா நர்ஸ் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் தன்னிடம் நிறைய எதிர்பார்ப்பதாக ஒரு வரி வந்தால், 'முழுக்க உண்மை' என்று டிக் போடுவார். அது குறை பொறுக்காத மனமா, குடும்பப் பாசமா? மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

அதனால்தான் அங்குள்ள வயது வந்தவர்களிடமே விடை வாங்கி, 6 பிரிவுகளும் அங்கேயும் தனித்தனியாக நிற்கின்றனவா என்று காரணிப் பகுப்பாய்வு (எந்தக் கூற்றுகளுக்கு வரும் விடைகள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று பிரித்துக் காட்டும் கணக்கு) செய்து பார்க்க வேண்டியிருக்கிறது. (1998-இல் உளவியலாளர் யோவாக்கிம் ஷ்டோபர் இதே வினாத்தாளைப் பார்த்தபோது 4 பிரிவுகளே பொருந்தின, பெற்றோரின் எதிர்பார்ப்பு, பெற்றோரின் விமர்சனம் என்ற இரண்டும் ஒன்றாகிவிட்டன.) அப்புறம், பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றை அளக்கும் வினாத்தாள்களோடு எதிர்பார்த்த அளவுக்கு ஒத்துப்போகிறதா என்பதும் உண்டு.

நம்பகத்தன்மையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நம்பகத்தன்மையைக் காட்டும் எண்ணான குரோன்பாக் ஆல்ஃபா, 1-ஐ நெருங்கி 0.9 வந்தாலும், கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்றுதான் அர்த்தம். பெற்றோர் பற்றி அந்த நர்ஸ் தந்த விடைகள் எல்லாம் ஒரே சீராக இருந்தும், அளந்தது நன்றிக்கடனாக இருக்கலாம்.