மரச்சீனி எனக்கு ஆகுமா?

தக்கலைப் பக்கம் எங்கள் அடுத்த வீட்டு அக்கா ஒரு திங்கட்கிழமை சோற்றையும் மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கையும் ஒரேயடியாக நிறுத்தினார். ஏத்தன் பழம், ஆப்பம், கருப்பட்டிக் காப்பி எல்லாம் கூடவே போயின. மறு திங்களன்று எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. “எனக்குக் கிழங்கு ஆகாது, இப்போது தெரிந்துவிட்டது” என்றார். அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லை. ஆனாலும் அந்த இரண்டு கிலோ எங்கே போனது என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடல் கிளைகோஜனாக மாற்றி ஈரலிலும் தசைகளிலும் சேமிக்கிறது. வளர்ந்தவர் உடலில் அது ஏறத்தாழ 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. சோறும் கிழங்கும் நின்றால் உடல் இந்தக் கையிருப்பை எடுத்துச் செலவழிக்கும். கூடவே இருந்த தண்ணீரும் வெளியேறும். கையிருப்பில் பெரும்பகுதி தீர்ந்தாலே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்துவிடும். கொழுப்பு கரைந்தது அதில் கொஞ்சம்தான். ஒரு கல்யாண வீட்டில் இரண்டு வேளை சாப்பிட்டால் அந்தத் தண்ணீர் பெருமளவு திரும்பிவிடும். “என்ன செய்தும் எடை ஏறுகிறதே” என்று அப்போது மனமுடைந்து எல்லாவற்றையும் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் வாரத்து எடையை வைத்து எந்த உணவையும் ஏற்கவும் கூடாது, தள்ளவும் கூடாது.

“முன்னோர் சாப்பிட்டதுதான் நமக்கு ஒத்துக்கொள்ளும்” என்பார்கள் சிலர். மரச்சீனியோ தென் அமெரிக்கக் கிழங்கு. குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்த பிறகே இங்கே பரவலாக வேர்விட்டது. ஊர்ப்பழக்கத்தை மதிக்கிறேன், ஆனால் தனி ஒருவரின் உடலுக்கு அது சான்றாகாது.

ஆய்வுகளும் ஒரே விடை தரவில்லை. 2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் 609 பேர் பங்கேற்றார்கள். ஓராண்டு ஒரு பிரிவினர் கொழுப்பைக் குறைத்தார்கள், மற்றவர்கள் மாவுச்சத்தைக் குறைத்தார்கள். சராசரி எடையிழப்பு 5.3 கிலோவும் 6 கிலோவும். பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இரு பிரிவிலும் ஒருவருக்கு 30 கிலோவை நெருங்கிக் குறைந்தது, இன்னொருவருக்குக் கூடியது. யாருக்கு எது பொருந்தும் என்று மரபணுவை வைத்துச் சொல்ல முயன்றார்கள், முடியவில்லை. 2015இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 800 பேரின் ரத்தச் சர்க்கரையை ஒரு வாரம் தொடர்ந்து அளந்தபோது, ஒரே உணவு ஒருவருக்குச் சர்க்கரையை விறுவிறுவென ஏற்றியது, மற்றொருவருக்கு அசைக்கவே இல்லை. குடல் நுண்ணுயிரிகளுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆகவே அவரவர் உடலில்தான் பார்க்க வேண்டும், அதற்கும் முறை இருக்கிறது. அக்கா செய்த பிழை ஐந்து பொருள்களை ஒரே நாளில் நிறுத்தியது. எடை குறைந்தது எதனால் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பிறகு பழையபடி சாப்பிட்டு, மாற்றமும் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர், இரண்டு வாரம் பாலை மட்டும் நிறுத்தி, மறுபடி குடித்துப் பார்க்கலாம். மறுபடி குடிக்கும் அந்தப் பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ரத்தச் சர்க்கரையை வீட்டிலேயே அளக்கும் குளுக்கோமீட்டரிலும் ஒரு சங்கதி உண்டு. உண்மை அளவு 140 என்றால், கருவி 119 முதல் 161 வரை எதைக் காட்டினாலும் தர விதிக்கு உட்பட்டதே. முந்தைய இரவு தூக்கம் கெட்டிருந்தால் எண் மாறும், சாப்பிட்டதும் நடந்தாலும் மாறும். ஒரு நாள் எண்ணை நம்பக் கூடாது. ஒரே உணவை மூன்று நாளாவது சாப்பிட்டு அளக்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தைக் குறைக்கவே கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிட நேரும்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். மாமனாருக்கு வாங்கிய கருவி வீட்டிலேயே இருந்தது, ஊசியும் பட்டையும் மட்டும் தனக்கெனப் புதிதாக வாங்கினார். மூன்று நாள் அவித்த மரச்சீனியைச் சாளைக் கறியோடு சாப்பிட்டார். மீனின் புரதமும் கொழுப்பும் வயிறு காலியாகும் வேகத்தைத் தணிக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. அடுத்த மூன்று நாள் அதே தட்டு, அதே எடைக் கிழங்கு, மீனுக்குப் பதில் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி (துவையல்) மட்டும். முதல் வாய் எடுத்ததிலிருந்து ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் விரலைக் குத்திப் பார்த்துக் காலண்டரில் குறிக்கிறார். இன்று ஐந்தாவது நாள்.