நாள்களைக் கூட்டாதீர்கள், ஒரு நாள் வேலையைக் கூட்டுங்கள்

ஒரு வேலையை ரவி 9 நாளில் முடிப்பார், மணி 12 நாளில் முடிப்பார். சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற எல்லாருக்கும் பழகிய கணக்கு இது. ஆனாலும் 9-ஐயும் 12-ஐயும் கூட்டி, இரண்டால் வகுத்து, பத்தரை நாள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ரவி தனியாகச் செய்தாலே 9 நாள்தான். துணைக்கு ஆள் வந்த பிறகு வேலை இழுக்குமா?

கூட்ட வேண்டியது ஒரு நாளில் ஆகும் வேலையை. ரவிக்கு 1/9, மணிக்கு 1/12. கூட்டினால் 7/36. அதைத் தலைகீழாக்கினால் 36/7, அதாவது 5 1/7 நாள்.

பின்னம் தடுமாற வைத்தால், மொத்த வேலையை 9, 12 இரண்டின் மீச்சிறு பொது மடங்கான 36 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். ரவி நாளுக்கு 4 பங்கு, மணி 3 பங்கு, இருவரும் 7. அதே விடைதான், ஆனால் முழு எண்களிலேயே ஓடுகிறது. தேர்வறையில் இதுவே நல்லது.

வழி பழையது. 12-ம் நூற்றாண்டில் கணித அறிஞர் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்ற கணக்கு நூலில், ஒரு தொட்டியைத் தனித்தனியே 1 நாள், 1/2 நாள், 1/3 நாள், 1/6 நாளில் நிரப்பும் நான்கு ஊற்றுகள் வருகின்றன. நாளுக்கு 1, 2, 3, 6 தொட்டி, மொத்தம் 12. எனவே 1/12 நாள்.

கசிவு வந்தால் கழிக்க வேண்டும். குழாய் 6 மணி நேரத்தில் நிரப்பும், ஓட்டை 10 மணி நேரத்தில் காலி செய்யும் என்றால், 30 பங்கில் 5 கழித்தல் 3, ஒரு மணி நேரத்துக்கு 2 பங்கு. 15 மணி நேரம். மறந்து கூட்டிவிட்டால் 3 3/4 மணி வரும். ஓட்டைத் தொட்டி நல்ல தொட்டியைவிட வேகமாக நிரம்பாது என்பதை வைத்தே தவறைப் பிடித்துவிடலாம். உண்மைத் தொட்டியில் கசிவு ஒரே சீராக இருக்காது. அடியில் உள்ள ஓட்டைக்கு மேல் நிற்கும் நீரின் உயரம் கால்பங்காகக் குறைந்தால் வெளியேறும் வேகம் பாதியாகும். கணக்கு அதைக் கண்டுகொள்வதில்லை.

நேரமே தெரியாதபோதுதான் இயற்கணிதம் தேவைப்படுகிறது. சிறிய குழாய்க்குப் பெரியதைவிட 5 மணி கூடுதலாகும், இரண்டும் சேர்ந்தால் 6 மணி என்று வைப்போம். பெரியதன் நேரம் க என்றால் 1/க + 1/(க+5) = 1/6. குறுக்கே பெருக்கினால் க² − 7க − 30 = 0; க = 10 அல்லது −3. நேரம் குறை எண்ணாகாது என்பதால் 10, 15. சரிபார்க்க: 1/10 + 1/15 = 1/6.

மிகவும் சறுக்குவது 'ஒருநாள் விட்டு ஒருநாள்' கணக்கில். ரவியும் மணியும் மாறி மாறி வந்தால், 36/7-ஐ இரட்டித்து 10 2/7 என்று முடித்துவிடுகிறார்கள். பங்காகப் பாருங்கள். இரண்டு நாளுக்கு 7 பங்கு, 10 நாளில் 35. மிச்சம் ஒரு பங்கு. முதல் நாள் ரவி வந்திருந்தால் 11-ம் நாளும் அவர்தான். நாளுக்கு 4 பங்கு செய்பவர், கால் நாளில் முடிப்பார். விடை 10 1/4. மணி தொடங்கியிருந்தால் அந்த ஒரு பங்குக்கு 1/3 நாள், விடை 10 1/3. ஆகவே 'முதலில் யார்' என்ற சொல்லைக் கேள்வித்தாளில் அடிக்கோடிட்ட பிறகே பேனாவை ஓட்டுங்கள்.