தமஸ்கு பற்றி வரும் ஃபார்வர்டுகளும் நாம் படிக்காத வசனங்களும்

சிரியாவில் 2011இல் சண்டை தொடங்கியதிலிருந்து சபை வாட்ஸ்அப் குழுக்களில் வேதாகமத்தின் ஏசாயா 17:1 சுற்றிக்கொண்டே இருக்கிறது, தமஸ்கு (சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸ்) நகரமாக இல்லாமல் பாழான மேடாகும் என்கிற வசனம். 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி கவிழ்ந்தபோது அதே வசனம் பின்னணி இசையோடு வீடியோவாக வந்தது. "ஐயா, நிறைவேறிடுச்சா?" என்று கேட்கிறவர்களிடம் ஒரு போதகராக நான் சொல்வது, இன்னும் இரண்டு வசனம் சேர்த்துப் படியுங்கள் என்பதுதான். தமஸ்குவோடு எப்பிராயீமும், அதாவது வட இஸ்ரவேலும், அதே தீர்ப்பில் நிற்கிறது. இரண்டு நாடும் கூட்டுச் சேர்ந்து தென் ராஜ்யமான யூதாவின் ராஜா ஆகாசை நெருக்கிய காலம் அது. கி.மு. 732இல் அசீரியா தமஸ்குவைப் பிடித்தது (2 இராஜாக்கள் 16:9 பாருங்கள்), அடுத்த பத்து வருஷத்தில் சமாரியாவும் விழுந்தது. இல்லை, இனிமேல்தான் முழுமையாக நிறைவேறும் என்று சொல்கிறவர்களும் உண்டு, அவர்களோடு மல்லுக்கட்ட நான் வரவில்லை. ஆனால் அங்கே குண்டு விழும் படத்துக்குக் கீழே இங்கே "ஆமென்" போடுகிறோமே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பவுலுக்காக ஜெபித்த அனனியாவின் ஊர் அது, இன்றைக்கும் அங்கே சபைகள் இருக்கின்றன.

ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் முதல் இரண்டு அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூதாவின் தெக்கோவா ஊரிலிருந்து வந்த மேய்ப்பன், வட இஸ்ரவேலர் காதில் விழும்படி தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றியிருக்கிற ஒவ்வொருவர் மேலும் குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். கேட்டவர்களுக்குக் குஷியாகத்தான் இருந்திருக்கும். அந்தக் குற்றங்களில் சிலை வணக்கம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கொடுமை: இஸ்ரவேலின் கீலேயாத் பகுதியை இரும்புக் கருவிகளால் தானியம்போல் போரடித்தது, ஜனங்களைக் கூண்டோடு பிடித்து விற்றது, எல்லையை விரிக்கக் கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறியது. மோவாப் செய்ததோ ஏதோம் ராஜாவின் எலும்புகளைச் சுட்டு நீறாக்கியது, இஸ்ரவேலுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை, ஆனாலும் கர்த்தர் கணக்குக் கேட்கிறார். அப்புறம் யூதா, கடைசியில் இஸ்ரவேல், எளியவனை ஒரு ஜோடிச் செருப்புக்கு விற்றதற்காக. அயலார் யாருக்கும் சொன்னதைவிட இவர்களுக்குச் சொன்னதுதான் நீளம், மீதிப் புத்தகம் முழுக்க ஏறக்குறைய அதுதான்.

ஒபதியா இன்னும் கிட்டே வரும். ஒரே அதிகாரம், 21 வசனம். கி.மு. 586இல் எருசலேமை இடித்தது பாபிலோன், ஆனால் இங்கே விசாரிக்கப்படுவது இஸ்ரவேலின் முற்பிதா யாக்கோபின் அண்ணன் ஏசாவின் வம்சமான ஏதோம். முதலில் தள்ளி நின்றான், பிறகு வேடிக்கை பார்த்தான், சந்தோஷப்பட்டான், வாசலுக்குள் நுழைந்தான், பொருளில் கை வைத்தான், கடைசியில் தப்பி ஓடினவர்களை வழிச்சந்தியில் நின்று மடக்கினான், படிப்படியாக. சொத்துத் தகராறு இருக்கிற வீடுகளுக்கு ஜெபிக்கப் போகும்போது நான் திறக்கிற புத்தகம் இதுதான். தம்பியின் கடை கடனில் மூழ்கும்போது அண்ணன் "நான் என்ன பண்ணினேன், சும்மாதானே இருந்தேன்" என்பார், அந்த இடம் ஏலத்துக்கு வரும்போது வேறொரு ஆளை வைத்துக் குறைந்த விலைக்குக் கேட்டதும் அவராகத்தான் இருக்கும். இப்படிப் பல வீடுகளைப் பார்த்துவிட்டேன். "நீயும் அவர்களில் ஒருவனைப்போல் இருந்தாய்" என்கிற பதினொன்றாம் வசனத்தை நான் சத்தமாக வாசித்தால் போதும், விளக்கம் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று, இந்தத் தீர்ப்புகளைச் சொன்னவர்கள் கைதட்டவில்லை. மோவாப் அழியும் என்று சொன்ன ஏசாயா 16ஆம் அதிகாரத்தில் மோவாபுக்காக அழுகிறார், எரேமியா 48ஆம் அதிகாரத்திலும் அதே புலம்பல். எரேமியா அதோடு நிறுத்தவில்லை, மோவாபுக்கும் அம்மோனுக்கும் ஏலாமுக்கும் சிறையிருப்பு மாறும், சிறைப்பட்டுப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று வாக்கும் கொடுக்கிறார் (48:47, 49:6, 49:39). அந்த வசனங்களோடு எனக்கு ஒரு வீடியோவும் இதுவரை வந்ததில்லை. அடுத்த தடவை யாராவது தமஸ்கு வீடியோ அனுப்பினால் சண்டை போடாமல், பதிலுக்கு ஏசாயா 22ஐ அனுப்புங்கள். அயல் தேசங்களின் பட்டியலுக்கு நடுவே அந்த அதிகாரம் முழுக்க எருசலேமைப் பற்றித்தான்.