களிமண் படம் எடுக்க வளவு வேண்டாம், இருட்டறை போதும்

கோடை விடுமுறைக்குக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஆயா வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு நாலாவது நாளே பொழுது போகாது. கையில் ஃபோன் இருக்கிறது, கடையில் கலர் களிமண் கிடைக்கிறது. உடனே ஸ்டாப் மோஷன் படம், அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் தனித்தனி ஃபோட்டோவாக எடுத்து வரிசையாக ஓட்டும் படம், எடுக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். நான் அனிமேஷன் தொழிலில் இருப்பதால் அந்தப் படங்களைப் பெற்றோர்கள் கொண்டுவந்து காட்டுவார்கள். பொம்மை அழகாக இருக்கும். படம் மட்டும் மினுக் மினுக்கென்று வெட்டிக்கொண்டே இருக்கும். "களிமண் சரியில்லையோ சார், நல்ல கம்பெனியா வாங்கிக் கொடுக்கட்டுமா?" என்பார்கள். களிமண்மேல் பழி இல்லை. கோளாறு வெளிச்சத்தில்.

நம் வீடுகளில் படம் எடுக்க எல்லாருக்கும் முதலில் தோன்றும் இடம் வளவுதான். திறந்த முற்றம், சுற்றிலும் தூண், தாராளமான வெளிச்சம். கல்யாண ஃபோட்டோவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஸ்டாப் மோஷனுக்கு அதைவிட மோசமான இடமும் கிடையாது. விநாடிக்கு 12 படம் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், பத்து விநாடிக்கு 120 படம் வேண்டும். புதிதாகச் செய்யும் பிள்ளைக்குப் பாதி நாள் அதிலேயே போய்விடும். அதற்குள் தூண் நிழல் நகர்ந்திருக்கும், மேகம் வந்து போயிருக்கும். எடுக்கும்போது கண் அதைக் கண்டுகொள்ளாது. அரை நாள் வெயில் பத்து விநாடிக்குள் ஓடும்போதுதான் பல்லைக் காட்டும்.

வளவைச் சுற்றி, பகலிலும் லைட் போட்டால்தான் சாமான் தெரியும் என்று சலித்துக்கொள்வோமே, அந்த அறைதான் உங்கள் ஸ்டூடியோ. கதவைச் சாத்திவிட்டு, இரண்டு எல்இடி மேசை விளக்கு வையுங்கள். ஒன்று பக்கவாட்டில் பொம்மைக்கு அருகில். இன்னொன்று எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி. சுண்ணாம்பை இழைத்துப் பளபளப்பாக்கிய பழைய சுவர் விளக்கைக் கண்ணாடிபோலத் திருப்பி அடிக்கும், பின்னால் ஒரு சார்ட் பேப்பரை ஒட்டிவிடுங்கள். பிள்ளைக்கு அடர் நிறச் சட்டையாகப் போட்டுவிடுங்கள். வெள்ளைச் சட்டையில் பட்ட வெளிச்சம் பொம்மைமேல் விழும், பிள்ளை நகர நகர அதுவும் கூடிக் குறையும்.

அடுத்தது ஃபோன். தானியங்கிக் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தையும் நிறத்தையும் புதிதாகக் கணக்குப் போடும். பொம்மையின் கை குறுக்கே வந்தாலே கணக்கு மாறும். எல்லாவற்றையும் நாமே வைக்கவிடும் ப்ரோ மோடில் ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்வு), ஷட்டர் (ஒரு படத்துக்கு வெளிச்சம் விழும் நேரம்), வைட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் நான்கையும் நிலையாக வைத்துவிட வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் அதில் விநாடிக்கு நூறு தடவை கூடிக் குறையும். ஷட்டரை 1/50 விநாடி என்று வைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும். ஃபோனைக் கையால் தொட்டு எடுக்காதீர்கள், வயர் இயர்ஃபோனின் வால்யூம் பட்டனே பல ஃபோன்களில் க்ளிக் செய்யும். ஏரோப்ளேன் மோடையும் மறக்க வேண்டாம். நடுவில் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கூப்பிட்டு, யாராவது ஃபோனைக் கையில் எடுத்துவிட்டால் கதை முடிந்தது.

இப்போது களிமண்ணுக்கு வருவோம். "கண்மாய் மண் இருக்கே, இயற்கையானதாச்சே" என்று சிலர் கேட்பார்கள். அய்யனார் கோயில் புரவியெடுப்புத் திருவிழாவுக்கு, மண்பாண்டம் செய்யும் வேளார் செய்யும் மண் குதிரை காய வேண்டும், சூளையில் வேக வேண்டும். அதற்கு அந்த மண்தான் சரி. நமக்குக் காயவே கூடாது. இங்கிலாந்தில் பாத் நகரத்து ஓவிய ஆசிரியர் வில்லியம் ஹார்பட் 1897-இல் பிளாஸ்டிசீனை உருவாக்கியதும், காயாத களிமண் தன் மாணவர்களுக்கு வேண்டும் என்றுதான். கடையில் எண்ணெய்ப் பசையுள்ள, காயாத களிமண்ணாகப் பார்த்து வாங்குங்கள். பஞ்சுபோல இருக்கும் காற்றில் காயும் களிமண் வேண்டாம்.

ஆனால் எண்ணெய்க் களிமண்ணுக்கு நம் ஊர் மே மாதம் ஆகாது. மதியத்தில் பொம்மையின் கை தானாகத் தொங்கிவிடும். காலையிலேயே எடுத்து முடிப்பது உத்தமம். இல்லையென்றால் பொம்மையை மூடிய டப்பாவில் போட்டுச் சில நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கலாம். உள்ளே இரண்டு இழை அலுமினியக் கம்பியை முறுக்கி எலும்பாகக் கொடுத்தால் கை கால் நிற்கும். கம்பி நுனியை உள்பக்கம் மடித்துவிட வேண்டும், இல்லையென்றால் விரலைக் குத்தும். ஆத்தங்குடித் தரையில் களிமண்ணை நேராக வைக்காதீர்கள். அது சிமெண்டுக் கல், எண்ணெயைக் குடித்துவிடும். ஆயா கேட்கும் கேள்விக்கு நான் பொறுப்பில்லை.

அசைவில் ஒரு நுணுக்கத்தை மட்டும் சொல்கிறேன். பொம்மை கையை நீட்டித் தட்டில் இருக்கும் வெள்ளைப் பணியாரத்தை எடுக்கிறது என்று வையுங்கள். பிள்ளைகள் கையை ஒரே அளவாக நகர்த்துவார்கள், அதனால் இயந்திரம் எடுப்பதுபோல இருக்கும். முதல் படத்தில் ஒரு மில்லிமீட்டர், அடுத்ததில் இரண்டு, நடுவில் ஐந்து ஐந்தாக, பணியாரத்தை நெருங்கும்போது மறுபடி இரண்டு, ஒன்று. கைக்கு முன்னால் கண் அந்தப் பக்கம் திரும்பிவிட வேண்டும். தொட்ட பிறகு மூன்று நான்கு படம் அசையாமல் விட்டுப் பாருங்கள், ஆசைப்பட்டுத்தான் எடுக்கிறது என்று தெரியும். பெரிய ஸ்டூடியோவிலேயே ஒரு அனிமேட்டர் ஒரு நாளில் எடுப்பது சில விநாடிகள்தான். பிள்ளையிடம் ஐந்து நிமிடப் படம் கேட்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பொம்மை நிற்க, பாதத்தில் குட்டிக் காந்தம் வைக்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. சிறு பிள்ளை இருக்கும் வீட்டில் அது கூடவே கூடாது. இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுக்கும். குடல் ஓட்டையாகி ஆபரேஷன் வரை போகும். பாதத்தைப் பெரிதாகச் செய்து அழுத்தி ஒட்டினாலே பொம்மை நிற்கும். அப்புறம், ஓவனில் சுடும் பாலிமர் களிமண் பிவிசி என்ற பிளாஸ்டிக் வகை. அதிகச் சூட்டில் கருகினால் எரிச்சலூட்டும் புகை வரும். சமையல் பாத்திரத்தில் வைத்துச் சுடவும் வேண்டாம்.

சத்தத்துக்குச் சினிமாப் பாட்டைப் போட்டால், யூடியூபில் ஏற்றும்போது காப்புரிமைச் சிக்கல் வரும். வீட்டு ஊஞ்சல் கிறீச்சிடுவதையும் பணியாரம் எண்ணெயில் பொரிவதையும் ஃபோனிலேயே பதிவு செய்துகொள்ளலாம். எடுத்த படங்களை இன்னொரு இடத்திலும் ஒரு காப்பி போட்டுவிட்டு, அதன் பிறகு பொம்மையைக் கலையுங்கள். நடுவில் நாலு படம் காணாமல் போனால், அதே பொம்மையை வைத்துத்தான் திரும்ப எடுக்க முடியும்.